சிவப்புப் பட்டை போட்ட ஜாக்கிகள்

எங்கள் சங்கத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கலர் சொல்லித்தான் கூப்பிடுவோம். பச்சைக்காரர் தலைவர், மஞ்சள்காரர் அவருக்கு எப்போதும் எதிர்க்கட்சி. சென்ட்ரிங் கான்ட்ராக்டர்கள் சங்கம் அது. கூரைக்குக் கான்கிரீட் போடும் முன்பு இரும்பு ஷீட்டுகளைப் பரப்பி, அவற்றைத் தாங்க அடியில் ஜாக்கி என்கிற இரும்புக் கால்களை நிறுத்துவது எங்கள் தொழில். ஒவ்வொருவரும் தங்கள் ஜாக்கியின் கழுத்தில் தங்கள் கலரில் ஒரு பட்டை அடித்து வைத்திருப்பார்கள். சரக்கு எங்கே கலந்தாலும் பட்டையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். அப்பாவுக்கு முட்டி போன பிறகு அவருடைய தொழிலை நடத்துகிறேன். அவர் எந்தச் சங்கத்திலும் சேராதவர். நான் சேரப் போனபோது என்ன கலர் மிச்சம் என்று கேட்டேன்.

“ரோஸ்தாம்மா இருக்கு. உனக்குப் பொருத்தமா இருக்கும்” என்றார் சிவப்புக்காரர். அரூர் பக்கம் வேலை எடுக்கும் பாய் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“ரோஸ் வெயில்ல வெளுத்துடுங்க பாய். நீலம் யாரும் எடுக்கலைன்னா எனக்குக் குடுங்க” என்றேன். கொடுத்தார்கள்.

சேர்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு வழக்கம். யாருக்காவது கான்கிரீட் நாளில் சரக்கு குறைந்தால் சங்கத்து ஆட்களில் ஒருவர் தன் ஜாக்கிகளை அனுப்புவார். வாடகை கிடையாது. ஆனால் கொடுத்தவர் அன்றைக்குக் கான்கிரீட் முடியும்வரை அந்தக் கூரைக்குக் கீழேயே நிற்க வேண்டும். புது ஆளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. முதல் வருடத்தில் அவருடைய கூரை ஒன்று இறங்கினால் சங்கத்தில் இடமில்லை, அதன் பிறகு யாரும் அவருக்குச் சரக்குத் தரமாட்டார்கள்.

நான் சேர்ந்த பிறகு எடுத்த முதல் வேலை இண்டூரில் ஒரு வீடு. என் ஜாக்கிகளில் பாதி வேறொரு சைட்டில், இன்னும் காயாத கூரைக்கு அடியில் நின்றன. கழற்ற முடியாது. பாயைக் கேட்டேன். மறுநாளே லாரியில் அனுப்பினார். முட்டு நிறுத்தி முடிந்தது. மட்டம், பூட்டு, பீமுக்கு அடியில் இடைவெளி, மாடிப்படிக்குத் தனி முட்டு என்று என் வரிசைப்படி எல்லாவற்றையும் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை.

கான்கிரீட் அன்று காலை வத்தல்மலைக்காரர் வேலைக்குத் திரும்பினார். அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருப்பவர். ஊரில் அறுப்பு என்று போயிருந்ததால் முட்டு நிறுத்தியபோது இல்லை. அவரைக் கீழே பாயோடு நிறுத்திவிட்டு நான் மேலே போனேன். மிக்சர் ஓடியது. வைப்ரேட்டர் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. பெண்கள் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் அறை நிரம்பி, கான்கிரீட் இரண்டாவது அறைக்குள் வந்தது.

எதற்கோ கீழே இறங்கினேன். எதற்கு என்று இன்றுவரை நினைவில்லை.

இரண்டாவது அறையில் ஜாக்கிகள் தரையில் கிடந்தன. ஒன்றின் பக்கத்தில் ஒன்று, ஒழுங்காக அடுக்கி. வத்தல்மலைக்காரர் அடுத்ததன் பூட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். பாயைக் காணவில்லை. தலைக்கு மேலே ஷீட் வயிறு தள்ளி நின்றது.

“அண்ணே, என்ன பண்றீங்க?”

“செவப்புங்க பாப்பா! நாம கழிச்ச சரக்கு எப்படியோ கலந்து வந்துடுச்சு. எவனோ கண்ணு தெரியாத பய வண்டில ஏத்தியிருக்கான். நீங்க மேல வேலையா இருந்தீங்க. நானே எடுத்துட்டு சவுக்குக் கம்பால முட்டுக் குடுத்துடலாம்னு…” அவர் முகத்தில் பெருமை.

வளைந்த ஜாக்கிக்குச் சிவப்புப் பட்டை அடித்து ஒதுக்கிவிட வேண்டும் என்பது எங்கள் யார்டில் நான் கொண்டுவந்த விதி. சிவப்பு கண்ணில் பட்டால் யாரையும் கேட்காமல் எடுத்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். முட்டு நிறுத்திய ஆட்கள் பாயின் லாரியிலிருந்தே இறக்கியதால் அவர்களுக்கு அது பாயின் சரக்கு என்று தெரியும், அறுப்புக்குப் போனவருக்குத் தெரியாது. பாயின் கலர் சிவப்பு என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டும் என் தலைக்குள் அதுவரை சந்தித்துக்கொண்டதே இல்லை.

முதலில் மிக்சரை நிறுத்து, ஆட்களை இறக்கு, பிறகு முட்டைப் பார். படித்தது எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் ஒன்றையும் செய்யவில்லை. ஷீட்டுகளின் இணைப்பிலிருந்து சிமெண்ட் பால் சொட்டி என் கையில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாய் கையில் டீ கிளாசோடு வாசலில் வந்து நின்றார். தரையைப் பார்த்தார், மேலே பார்த்தார். கிளாசைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மிக்சரை அணைத்தார்.

“மேல யாரும் ஓடாதீங்க! சட்டிய அங்கயே வெச்சுட்டு ஓரமா எறங்கி வாங்க!”

கடைசிப் பெண் இறங்கும்வரை யாரும் உள்ளே போகவில்லை. பிறகு வாசற்பக்கமிருந்து உள்நோக்கிச் சவுக்குக் கம்புகளால் முட்டுக் கொடுத்துக்கொண்டே போனோம்.

“ஏம்மா, நிக்கறதுக்கா படிச்ச? நூலப் புடி” என்றார் பாய்.

நூலை இழுத்துக் கட்டினேன். அவர் ஜாக்கிகளைத் திரும்ப நிறுத்தி மரையைத் திருகினார். “இன்னும் அரைச் சுத்து… இன்னும் கொஞ்சம்… போதும்.” ஷீட் நூலுக்கு வந்து சேர்ந்தது. கான்கிரீட் இன்னும் இறுகவில்லை. மறுபடி மேலே ஏறினார்கள்.

“என்ன பாய், டீ ஆறிடுச்சா?” என்றாள் சட்டி தூக்கும் அக்கா.

“எனக்கு ஈரக்கொலையே ஆறிடுச்சு. நீ ஏறு.”

அந்த வாரம் சங்கக் கூட்டம். என்னை நீக்குவார்கள் என்று தயாராகத்தான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பு பாய் எழுந்தார். “கீழ நிக்க வேண்டியவன் நான். டீக்குப் போயிட்டேன். எதுனா சொல்றதுன்னா என்னச் சொல்லுங்க.”

நான் சிவப்பு விதியைச் சொன்னேன். மஞ்சள்காரர்தான் முதலில் சிரித்தார்.

“பாய், உங்க சரக்கு மொத்தமும் ஆகாதுன்னு இந்தப் புள்ள முன்னாடியே எழுதி வெச்சிருச்சு பாருங்க!”

பச்சைக்காரர் சிரிக்கவில்லை. “சரி, உன் யார்டுல என்னய்யா அடையாளம்? கழிச்சதுக்கு?” என்று மஞ்சள்காரரைக் கேட்டார்.

“நானா? கழுத்துல கட்டுக்கம்பி சுத்தி வெப்பேன்.”

காவிக்காரர் தலைகீழாகச் சாத்தி வைப்பாராம். ஒருவர் சுண்ணாம்பில் பெருக்கல் குறி போடுவார். ஒருவர் துணி கட்டுவார். பாய் சொன்னார், “நான் ஒண்ணும் போடறதில்ல. பாத்தா தெரியுமில்ல?”

வருடக்கணக்காக இவர்கள் ஒருவர் சரக்கை ஒருவர் வாங்கி, அதன்மேல் ஆட்களை ஏற்றியிருக்கிறார்கள். ஒருவருடைய அடையாளம் இன்னொருவருக்குத் தெரியாது. துணி அவிழ்ந்திருக்கலாம். சுண்ணாம்பு மழையில் போயிருக்கலாம். கழித்த ஜாக்கி நல்லதோடு சேர்ந்து இவர்களில் யாருடைய கூரைக்கு அடியிலும் நின்றிருக்கலாம். அது எல்லோருக்கும் உறைத்தது முகங்களில் தெரிந்தது.

“அடையாளமே வேணாம். ஆகாதத வெட்டிப் போடுங்க” என்றார் பச்சைக்காரர். “புள்ள சங்கத்துலயே இருக்கட்டும். கூரை எறங்கல.”

ஞாயிற்றுக்கிழமை கேஸ் கட்டரோடு என் யார்டில் தொடங்கினார்கள். வளைந்த ஜாக்கிகளை வத்தல்மலைக்காரர்தான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார்.

“இன்னமே செவப்பப் பாத்தா என்ன பண்ணுவ?” என்று அவரைக் கேட்டார் பாய்.

“உங்களக் கேக்காம உங்க மூஞ்சியக்கூடத் தொட மாட்டேங்க.”

போன வாரம் வேறொரு கூரைக்குப் பாயின் ஜாக்கிகள் வந்தன. அவர் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து கீழேயே உட்கார்ந்துகொண்டார். மிக்சர் ஓடத் தொடங்கியதும் நான் மேலே போக மாடிப்படிவரை போனேன். பிறகு திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்று, முடியும்வரை ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.