காணாமல் போன ஊசி முனை

கொழும்பில் கார்மென்ட் தொழிற்சாலையில் தையல் வேலைக்குப் போன காலத்தில் வாங்கிய கம்பளித் துணி ஒன்று, மஸ்கெலியாவுக்குத் திரும்பிய பிறகும் பெட்டியடியில் மறந்து கிடந்தது. போன மாதக் குளிரில் அது நினைவுக்கு வர, மூன்று வயது மகளுக்குக் கழுத்து மூடிய சட்டை தைத்தேன். கழுத்துப் பட்டியின் தடிப்பில் மெஷின் ஊசி உடைந்தது. வேறு ஊசி மாட்டித் தைத்து முடித்தேன்.

மறுநாள் காலை அந்தச் சட்டையை மகளுக்குப் போட்டு, அவளைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா என்னும் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்து மெஷினைத் துடைத்தேன். உடைந்த ஊசியின் மேல்பாதி மட்டும் கிடந்தது. முனையைக் காணவில்லை. தரையெல்லாம் தடவிப் பார்த்தேன், இல்லை. சட்டையில்தான் சிக்கியிருக்க வேண்டும்; காம்பராவுக்கு ஓடினேன்.

மகள் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் தூங்குச்சு, எழுப்பாதீங்க" என்றார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

"சட்டையில ஊசி இருக்குக்கா!"

இருவருமாக மெல்லப் புரட்டிச் சட்டையைக் கழற்றினோம். பட்டியின் மடிப்பில், தொண்டைப் பக்கமாக முனை நீட்டிக்கொண்டிருந்தது. மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கார்மென்டில் ஊசி உடைந்தால், துண்டு அத்தனையையும் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். முகம் தெரியாத பிள்ளைகளின் சட்டைக்கு அப்படித் தேடியவள், என் பிள்ளைக்குத் தைத்தபோது தேடவில்லை. இப்போது வீட்டிலும் துண்டுகளைச் சேர்த்து வைத்து, முழு ஊசியாகக் கண்ட பிறகுதான் அடுத்த ஊசியை மாட்டுகிறேன்.