கொர்னேய்க்கு ஒன்றும் தோன்றவில்லை

எங்கள் சபையில் கடைசி பெஞ்சுதான் முதலில் நிரம்பும். பிந்தி வருகிறவன் தலையைக் குனிந்துகொண்டு முன்வரிசைக்குப் போக வேண்டும். தாழ்மை விஷயத்தில் கிர்கிஸ்தானில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். ஜெர்மன் பெயரும் ரஷ்யப் பேச்சுமாக இங்கே தங்கிவிட்ட பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் நாங்கள். இப்போது கிர்கிஸ்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள்.

கடைசி பெஞ்சின் சுவரோர மூலை கொர்னேய் தீஸனுடையது. டிராக்டர் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபக் கூடத்துக்கு நிலக்கரி சுமந்து அடுப்பு மூட்டுவது அவர்தான். அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன்னால் ஒருவர் காலை ஒருவர் கழுவுவது எங்கள் வழக்கம். அதிலும் முதலில் மண்டியிடுவது அவர். தன் முறை வந்தால் மட்டும் காலை நனைத்த மாத்திரத்தில் இழுத்துக்கொள்வார்.

பிப்ரவரியில் அவர் மனைவி சூசன்னா இறந்தாள். சவப்பெட்டிக்கு அவரே ஆணி அடித்தார். வந்தவர்களுக்கு சூப் ஊற்றினார். அழவில்லை. பின்னால் வரும் என்றார்கள், வரவில்லை. எங்களிடம் எழுதிவைத்த ஜெபம் கிடையாது. மனதில் இருப்பதைத்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் மனதில் ஒன்றும் இல்லை. பொய் சொல்லக் கூடாதே என்று, தன் முறை வரும்போது முழங்காலில் பேசாமல் இருந்தார். அப்பத் தட்டு வந்தாலும் எடுக்காமல் அடுத்தவரிடம் தள்ளினார்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் கொர்னேய் சபை மூப்பரான இசாக் பெனரிடம் போனார்.

"சபையிலேர்ந்து என் பேர எடுத்துடு இசாக். அடுப்ப மட்டும் மூட்டிட்டுப் போறேன்."

"என்ன பாவம் செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. ஒண்ணும் தோணவும் இல்ல. அவள நெனச்சாலும் தோணல, ஆண்டவர நெனச்சாலும் தோணல. தகுதியில்லாம அப்பத்த எப்படி வாங்கறது?"

"தகுதியோட வாங்கினவன் யாருன்னு சொல்லு, நானும் ஒரு தடவ பாத்துட்டு வரேன்."

கொர்னேய் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழம திருவிருந்துக்கு வா. அப்பவும் இதையே சொன்னா எடுத்துடறேன்" என்றார் இசாக்.

வியாழன் மாலை கால் கழுவும் சிறு தொட்டி கடைசி பெஞ்சுக்கு வந்தது. பழக்கதோஷத்தில் கொர்னேய் எழுந்தார். பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் ஜூமாபெக் அதற்குள் தொட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"உக்காருங்கண்ணே. ஒவ்வொரு தடவையும் நீங்களே முந்திக்கிட்டா நாங்க எப்பத்தான் தாழ்மையாகறது?"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. கொர்னேய் பூட்ஸைக் கழற்றினார்.

"தண்ணி சூடு போதுமா?"

"தெரியல. சக்கர வியாதி. கால்ல உணர்ச்சி போயி ரொம்ப நாளாச்சு."

ஜூமாபெக் பாதத்தைத் திருப்பினான். குதிகாலில் நிலக்கரிச் சில்லு ஒன்று ஏறிப் புண்ணாகியிருந்தது.

"இது எப்பலேர்ந்து?"

"எது?"

அவன் நகத்தால் நெம்பி எடுத்துக் காட்டினான். கொர்னேய் யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வலிக்குதாண்ணே?"

"இல்ல."

"தொடறது தெரியுதா?"

"இல்ல."

"அப்ப கழுவாம விட்டுரவா?"

கொர்னேய் யோசித்தார். வேறொருவர் என்றால் உடனே பதில் சொல்லியிருப்பார்.

"கழுவு" என்றார்.

தண்ணீர் சிவந்து கறுத்தது. ஜூமாபெக் புண்ணைத் துடைத்து, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினான். அதுவரை கால் அவன் மடியிலேயே இருந்தது.

அப்பத் தட்டு வந்தபோது கொர்னேய் இசாக்கைப் பார்த்தார். இசாக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொர்னேய் ஒரு துண்டு எடுத்துத் தின்றார். கிண்ணம் வந்தது, குடித்தார். பிறகு எல்லோரும் முழங்காலிட்டோம். அவர் முறை வந்தது.

"ஆண்டவரே, எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஆமென்."

எங்கள் சபையில் இவ்வளவு குட்டையான ஜெபத்தை யாரும் கேட்டதில்லை. சிலர் தொடர்ச்சிக்காகக் காத்திருந்தார்கள்.

வெளியே வரும்போது, "ஏதாவது தோணுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "அப்பம் கொஞ்சம் காஞ்சிருந்துச்சு."

பேரை எடுக்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. அழுததாகவும் யாரும் சொல்லவில்லை.