சிப்பிக்குக் கீழே நல்ல தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் கோவில்பதாகையில் ஒரு மனை வாங்கினோம். முதல் வேலையாகக் கிணறு வெட்டினோம். நல்ல தண்ணீர் வந்தால் வீடு; உப்பாக இருந்தால் மனையை விற்றுவிட்டு ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலேயே கிடக்க வேண்டியதுதான். இது என் கணவரின் நிபந்தனை. அவர் தூத்துக்குடிப் பக்கம், கடலோரத்துக்காரர். அவருடைய அம்மா அப்போதும் குடிதண்ணீருக்கு ஊர் எல்லை தாண்டி நடந்துகொண்டிருந்தார். எனக்கோ குவார்ட்டர்ஸ் குழாயடிச் சண்டை போதும் போதும் என்றாகியிருந்தது.

செம்மண்ணைத் தாண்டியதும் சாம்பல் நிறக் களிப்பாறை வந்தது. கிணறு வெட்டுகிறவர் ஒரு துண்டைக் கூடையில் மேலே அனுப்பினார். அதில் வரிவரியாகச் சிப்பியின் அச்சு. பக்கத்திலேயே ஓர் இலையின் அச்சு. கடல் இன்று பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. எங்கள் மனையோ ஒரு காலத்தில் அதன் கரையாக இருந்திருக்கிறது.

"அண்ணாத்தே, இங்க சமுத்திரம் இருந்துகீது. தோண்டவா, வோணாமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கணவரின் முகம் செத்துவிட்டது. கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்தால், அது இவருக்கு முன்னாலேயே வந்து போயிருக்கிறது.

"நிப்பாட்டச் சொல்லு. உப்புத்தான் வரும், பாத்துக்கோ" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கடல் போயி எத்தினி காலமாச்சோ. அதுக்கப்புறம் பேஞ்ச மழையெல்லாம் எங்க போச்சாம்? பருப்பு வேகுதான்னு பாத்துட்டு விக்கலாம்" என்றேன். நான் மாங்காட்டில் பிறந்தவள். எங்கள் பக்கம் புதுக் கிணற்றை அப்படித்தான் சோதிப்போம். நாக்குக்குத் தெரியாத உப்பைக்கூடப் பருப்பு காட்டிக்கொடுத்துவிடும்; உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது.

களிப்பாறைக்குக் கீழே மணற்பாறையில் ஊற்று கண் திறந்தது. கலங்கல் தெளிந்ததும் கிணற்றோரமே கல் கூட்டி அடுப்பு மூட்டினேன். கணவர் தண்ணீரை வாயில் வைக்கவே மாட்டேன் என்றுவிட்டார். அவ்வளவு பயம். பருப்பு கொதித்தது, ஆனால் வேகவில்லை. எனக்கும் உள்ளே உதறல்தான். வெளியே காட்டுவேனா? இன்னும் நாலு சுள்ளி செருகினேன்.

கடைசியில் கிணறு வெட்டுகிறவர் கரண்டியில் கொஞ்சம் எடுத்து விரலால் நசுக்கினார். "மசிஞ்சிட்ச்சிம்மா" என்று அதைக் கணவரிடம் நீட்டினார்.

அவரும் நசுக்கிப் பார்த்தார். பிறகு வாளியை அப்படியே தூக்கிக் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. "எங்கம்மைய இங்க கூட்டிட்டு வந்துருவோம்" என்றார்.

கிணற்றோடு மாமியாரும் வருவார் என்று நான் கணக்குப் போடவில்லை. கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். வீடு எழும்பி அவர் வந்த அன்று, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புடவையை வரிந்து கட்டினார், நெடுந்தூரம் போகிறவர் மாதிரி. கொல்லைக் கதவைத் திறந்து கிணற்றைக் காட்டினேன்.

"இம்புட்டுத்தானா தூரம்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.