மாலை போட்ட அப்பா

பூக்காரர் தண்ணீர் தெளித்த துளசியின் வாசனை, எண்பதுகளில் திண்டுக்கல்லில் இருந்த, இப்போது தூர்ந்துபோன எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு என்னை இழுத்துப் போனது. பழனிக்கு நடக்க மாலை போட்டுவிட்டால், கோபக்காரரான அப்பா விடியலில் அங்கே குளித்து, ஈரத் துளசிமணியும் திருநீறுமாக நின்று, எதிரே வரும் எல்லோரையும், பெற்ற மகளான என்னையும்கூட, கும்பிட்டு "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். "குடத்த மெதுவா வைங்க சாமி," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். நான் மகாராணிபோல் தலையாட்டுவேன்.

ஒரு வருஷம், பழனி போய்வந்து அவர் மாலையைக் கழற்றிய மறுநாள், அந்த அப்பா இன்னும் இருக்கிறாரா என்று பார்க்க, நிறைகுடத்தை வேண்டுமென்றே உருட்டிவிட்டேன்.

"ஏ புள்ள, இம்புட்டுத் தண்ணியையும்..." என்று ஓங்கி வந்த கை, பாதி வழியில் இன்னொரு கையோடு சேர்ந்து என்னைக் கும்பிட்டது.