கழுவாத டிரே

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்குச் சுத்தம் இருந்தால்தான் தூக்கமே வரும். மகள் அடம்பிடித்து வாங்கிய வெள்ளை முயல் எங்கள் அஸ்தம்பட்டி மாடி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் கையைவிட்டுத் துடைப்பம் இறங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் புழுக்கை, செருப்பு அலமாரி ஓரத்தில் புழுக்கை. ஒரு வெள்ளிக்கிழமை, வீடு கழுவிச் சாம்பிராணி போட்ட கையோடு பார்த்தால், சாமி அலமாரிக்கு முன்னால் மூத்திரம்.

அன்றைக்கே கெடு வைத்துவிட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் அது தனக்கென்று வைத்த பிளாஸ்டிக் டிரேயில் மட்டும் மலஜலம் போகப் பழக வேண்டும், இல்லையென்றால் மல்லசமுத்திரத்தில் என் தம்பியின் தோட்டத்துக்குப் போய்விடும். தம்பியிடம் இரண்டு நாய்கள். போன மாதம்தான் பக்கத்துத் தோட்டத்துக் கோழிகளைக் கவ்விக்கொண்டு வந்தவை. அது எனக்கும் தெரியும், பன்னிரண்டு வயது மகளுக்கும் தெரியும்.

அவள் பள்ளிவிட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு முயலோடு உட்கார்ந்துவிடுவாள். டிரேயில் மரத்தூள் பரப்பி, அது தின்னும் அகத்திக்கீரையை ஓரத்தில் வைப்பாள். போனில் பார்த்தாளாம், அதன் புழுக்கையையே கொஞ்சம் டிரேயில் விட்டுவைக்க வேண்டுமாம். பீயைக் கூட்டி மறுபடியும் வீட்டுக்குள்ளேயே வைக்கச் சொல்கிறாயா என்று கத்தினேன். தினமும் காலையில் டிரேயைப் பினாயில் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவைத்தேன். நான் கழுவக் கழுவ, அது வேறு மூலை தேடியது. என்னோடு வம்புக்கு நிற்பதாகவே நினைத்தேன்.

வியாழக்கிழமையோடு குழாயில் தண்ணீர் நின்றது. மேல்தொட்டியில் இருந்தது சமைக்கவும் குளிக்கவுமே இழுபறி. அந்த வெள்ளிக்கிழமை வீடும் கழுவவில்லை, டிரேயும் கழுவவில்லை. அந்த எரிச்சலில் முயல் இருந்த அறைப் பக்கமே நான் எட்டிப் பார்க்கவில்லை. மகள் சனிக்கிழமை ஏதோ சொல்ல வந்தாள். முயல் பேச்சை எடுக்காதே என்று அடக்கிவிட்டேன்.

ஞாயிறு காலை தம்பி வண்டியில் வந்தான். அவனுக்கே மனசில்லை.

"ஏனுங்க்கா, நாயிங்களக் கட்டிப்போட்டாலும் எத்தன நாளைக்குங்க?"

எடுத்துக்கொண்டு போ என்றேன். மகள்தான் முயலைக் கூடைக்குள் வைத்தாள். அழவில்லை. தன் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

டிரேயைத் தூக்கி எறியலாம் என்று முயல் இருந்த அறைக்குப் போய்க் குனிந்தேன். ஒரே மூலையில் அத்தனை புழுக்கையும் குவிந்து கிடந்தது. மரத்தூளில் அதே இடம் ஈரமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். செருப்பு அலமாரி, சாமி அலமாரி, எங்கும் ஒன்றுமில்லை. மூன்று நாளாக அது ஒழுங்காக டிரேயில்தான் போயிருக்கிறது. அதன் வாடையை நான் கழுவாமல் விட்டது அந்த மூன்று நாள்தான்.

தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டான். மறுபடி, மறுபடி. ஒரு மணி நேரத்தில் தோட்டம் போய்விடுவான். இறங்கியதும் வாசலிலேயே நாய்கள். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் கிடைக்காமலே போனால், இந்த டிரே விஷயத்தை இவளிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்க நிறுத்தியவன் அப்போதுதான் போனைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டான்.

"சாமி, வண்டியத் திருப்பு. தப்பு எம்மேலதான்," என்றேன்.

நிமிர்ந்தால் மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நடந்ததைச் சொன்னேன். தண்ணீர் நின்றதிலிருந்து அது டிரேயில்தான் போகிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சனிக்கிழமை அதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள்.

கூடை திரும்பி வந்ததும் வாங்கிக்கொண்டாள். அதைத் திறக்காமலே என்னைப் பார்த்தாள்.

"இனிமே டிரேய நான் பாத்துக்கறேன். நீங்க தொடாதீங்கம்மா."

எங்கள் வீட்டில் ஒரு பொருளைத் தொடாதே என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. சரி என்றேன்.