மார்த்தாவின் அடிமைகள்

ஆட்சி மாறிய நாளிலிருந்து பழைய பேட்டைத் தலைவர் கிப்சாவின் வாசலை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதுவரை அவர் காலில் விழுந்தவர்கள் வாகடூகூ நகரத்தையே சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார்கள். கள் காய்ச்சும் மார்த்தா மட்டும், பொழுது சாய்ந்ததும் ஒரு குடுக்கை சோளக் கள்ளையும் கொஞ்சம் களியையும் அவர் கொல்லைச் சுவர்மேல் வைத்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பிவிடுவாள்.

விஷயம் பேட்டைப் புரட்சிக் குழுவின் செயலாளன் சல்ஃபுவின் காதுக்கு வந்தது. அவனுக்கு மீசையும் பதவியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தவை. பழைய தலைவருக்கு வணக்கமும் கூடாது, கவளமும் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. பேட்டை அடங்கவில்லையென்றால் அவன் நாற்காலி போய்விடும். ஆகவே மார்த்தாவை மக்கள் மன்றத்தில் நிறுத்தினான். வேப்பமரத்தடியில் பேட்டையே கூடிவிட்டது.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டான். அவன் மொசி இனம், அவள் சாமோ இனம். பாட்டன் காலத்திலிருந்தே இரண்டு கூட்டத்துக்கும் கேலிமுறை. ஒருவரை ஒருவர் ‘அடிமை’ என்றே வைதாலும் சிரிக்கத்தான் வேண்டும். கோபித்துக்கொண்டால் குடும்பத்துக்கே ஆகாது.

விரோதிக்குச் சோறு போட்டது உண்மையா என்று கேட்டான்.

“போட்டேன். கிப்சா மொசிக்காரன், என் அடிமை. அடிமையைப் பட்டினி போட்டா ஆண்டவன் என்னையில்ல கேப்பான்?” என்றாள் மார்த்தா. பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீயும் மொசிதானே? யாரைக் கேட்டு நாற்காலியில உக்காந்தே? எந்திரி, எனக்குக் கால் வலிக்குது.”

முன்வரிசையில் சல்ஃபுவின் தாய், கோபப்படாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவனுக்கோ சிரிப்பை அடக்க முடியாமல் உதடு துடித்தது, தோள் குலுங்கியது.

“நாய்த்தலை தின்னுறவங்களுக்குப் புரட்சி எங்க புரியப்போகுது!” என்று சாமோக்களை வையும் பழைய வசவைத் திருப்பிச் சொல்லி, எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டான்.

பேட்டை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றே மார்த்தாவைக் குழுவில் சேர்த்தான். தினமும் நேரில் போய் விரோதியைக் கண்காணிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. அவளும் தவறாமல் வந்து சொல்வாள், விரோதி நன்றாகச் சாப்பிட்டான் என்று. அதற்குப் பிறகுதான் குழுக் கூட்டத்துக்கு ஆள் வர ஆரம்பித்தது. இதுவல்லவா பேட்டை என்று மேலிடமே மெச்சி, சல்ஃபுவை வடக்கே மணல்காட்டு ஊருக்குப் பெரிய பதவியில் அனுப்பியது.

புறப்படும் காலையில் மார்த்தாவிடம் சொல்லிக்கொள்ளப் போனான். அதுதான் அவர்களின் கடைசிச் சந்திப்பு. மார்த்தா பானையைக் கிளறியபடியே சொன்னாள்:

“அங்க போனதும் சாமோ வீடு எதுன்னு முதல்ல விசாரி. உன்னை வைய ஒரு ஆள் இல்லாத ஊர்ல நாற்காலியில உக்காராதே, அடிமை.”