கோஜோவும் கத்துகிற மாமாமாரும்

கோஜோ அன்சாவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது பாரிசின் லா ஷப்பலில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி. கானாவின் குமாசி நகரத்தில் பந்தடித்துப் பெயரெடுத்தவர் அவர். பிரான்சின் வடக்கே ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகம் ஆசையாக அழைத்து வந்தது. இரண்டாவது பருவத்திலேயே முழங்கால் போயிற்று. கழகத்தார் கை குலுக்கி, பூங்கொத்துக் கொடுத்து, வாசலையும் காட்டிவிட்டார்கள். பிறகு பாரிசில் கோப்பை கழுவ வந்த இடத்தில் வாய்த்த கூட்டாளிதான் அருள்நேசன். கொத்துறொட்டி கொத்துகிற சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திப் படித்ததால் கோஜோவின் தமிழ் இன்றைக்கும் கொஞ்சம் உரத்த தமிழ்.

அருள்நேசன், புளியமுனை உதயதாரகை விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். ஊர் வன்னியில், கழகம் பாரிசை ஒட்டிய லா கூர்னெவ்வில். கோடையில் ஊர்க்கழகங்கள் எல்லாம் மோதுகிற சுற்றுப்போட்டியில் உதயதாரகை முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, மிச்ச நாள் முழுக்க றோல்ஸ் சாப்பிடும். "நீர் ஒருக்கா வந்து பாருமன்" என்று அருள்நேசன் இழுத்துக்கொண்டு போனார். பல வருடங்களுக்குப் பிறகு புல்லில் காலை வைத்ததும் கோஜோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே கோச் ஆகிவிட்டார்.

கழகத்துப் பெடியள் திறமானவர்கள். வில்லங்கம் எல்லாம் கோட்டுக்கு வெளியே இருந்தது. தலைவர் இராஜேந்திரனும் அவர் வயதுக்காரரும் தங்கள் கோல் பக்கமாகக் கதிரைகளைப் போட்டு வரிசையாக உட்காருவார்கள். பந்து கிட்ட வந்தால் போதும், "அடியடா, அடிச்சு விடு" என்று ஒரே குரலில் தொடங்கிவிடுவார்கள். கோஜோ படிப்பித்ததோ பந்தைப் பதறாமல் காலில் வைத்து ஆளுக்கு ஆள் கொடுக்கிற ஆட்டம். ஆனால் மாமா சொல்லும்போது எப்படி அடிக்காமல் விடுவது? பிரெஞ்சு மண்ணில் பிறந்து, தாய் தகப்பனுக்குப் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிற பிள்ளைகள்தான். இருந்தும் மாமாவின் குரல் கேட்டால் கால் தன்பாட்டில் போய்விடும். அடித்த பந்து நேரே எதிராளியிடம் போகும், அங்கிருந்து நேரே கோலுக்குள் வரும்.

"கத்தாதேங்கோ அண்ணை" என்று கோஜோ கெஞ்சிப் பார்த்தார்.

"நாங்கள் கத்தாமல் வேறை ஆர் கத்துறது?" என்றார் இராஜேந்திரன். அவருக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை.

இந்த வருடம் கழகம் கூடி முடிவாகச் சொல்லிவிட்டது. முதல் ஆட்டத்தில் தோற்றால் கோச்சை மாற்றுவது. தலைவரின் மச்சான் குணசேகரம் அதற்குள் புது விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். கிழமை முழுக்கக் கோப்பை கழுவுகிற கோஜோவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைப் புல்வெளி ஒன்றுதான் உயிர். அதுவும் போனால் அவர் வெறும் குசினிக்காரர்.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு விசயம் பிடிபட்டது. 'அடி' என்பது நம்முடைய கோலுக்கு முன்னால்தான் கெடுதல். எதிராளியின் கோலுக்கு முன்னால் அதைவிட நல்ல புத்திமதி உண்டா?

போட்டியன்று காலையிலேயே போய்க் கதிரைகளை எல்லாம் மைதானத்தின் மறு தலைப்புக்கு, எதிராளியின் கோல் பக்கமாகக் காவிப் போட்டார். "அண்ணை, கோலடிக்கிற பெடியளுக்குத்தான் உங்கடை அனுபவம் தேவை. இஞ்சை நான் பாக்கிறன்" என்றார்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று இராஜேந்திரன் பெருமையோடு நடந்தார்.

அன்றைக்குத்தான் பின்வரிசைப் பெடியளுக்குக் கோச்சின் குரல் காதில் விழுந்தது. பந்து நிதானமாகக் காலுக்குக் கால் மாறி முன்னுக்குப் போனது. கோலுக்கு முன்னால் எப்போதும் தயங்கி நிற்கிற யதுர்ஷனை "அடியடா" என்ற குரல் பிடித்துத் தள்ளியது. அடித்தான். கோல்.

இரண்டாவது கோலைக் கோஜோ கனவிலும் நினைத்திருக்கவில்லை. பந்து யாருடைய காலில் என்று பார்த்துக் கத்துகிற பழக்கம் நமது பெரியவர்களுக்குக் கிடையாது. எதிரணிப் பெடியனிடம் பந்து வந்தபோதும் "அடிச்சு விடு" என்று முழங்கினார்கள். அவனும் வேறோர் ஊர் மாமாமார் வளர்த்த பிள்ளைதானே, கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். பந்து யதுர்ஷனின் காலடியில் விழுந்தது, அதுவும் கோல். இடைவேளையில் அணிகள் பக்கம் மாற, பெரியவர்கள் கதிரைகளைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த தலைப்புக்கு ஊர்வலமாக நடந்தார்கள். அங்கேயும் கத்துகிறதில் குறைவைக்கவில்லை.

ஆட்டம் இரண்டுக்குச் சுழியத்தில் முடிந்தது. இராஜேந்திரன் கையில் கதிரையோடு வந்தார். கத்தின கத்தில் குரல் போய்க் காற்றுத்தான் வந்தது.

"பாத்தீரோ கோச், நாங்கள் கத்தினபடியாத்தான் வெண்டது."

"ஓம் அண்ணை" என்றார் கோஜோ. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"வாற வருசம் ரெண்டு பக்கமும் கதிரை போட்டுவிடும். எங்களாலை காவ ஏலாது."

வாற வருசம். மற்றது எதுவும் கோஜோவின் காதில் ஏறவில்லை. அப்படியென்றால் வாற வருசமும் கோச் அவர்தான். தலைவரின் கையிலிருந்த கதிரையை வாங்கி, அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.